விருந்தினரை வீட்டுக்காரராக்கியவர்

விருந்து என்னும் சொல்லுக்கு உணவு என்பது பின்னால் வந்து சேர்ந்த பொருள். புதுமை என்பதே அதன் முதற்பொருள். தொல்காப்பியச் செய்யுளியல் எண்வகை வனப்புகளுள் ஒன்றாக விருந்தை வைக்கிறது. புதிதாகப் புனையப்படும் யாப்பு அங்கே விருந்து எனப்படுகிறது. கவிதையில் புதியதும் விருந்து. வாயிலில் நிற்கும் புதியவரும் விருந்து. புதியவரை முகமலர்ந்து ஏற்கும் அறத்துக்குத் திருக்குறள் ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறது. ஆனால், விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொல்லும் பழமொழியும் நம்மிடையே உண்டு. நான்காம் நாள் முதல் அந்தப் புதியவர் யார்? மூன்று நாள் தங்குவோருக்கு விடை எளிது. மூன்று ஆண்டுகள் தங்கிப் படிக்க வந்த மாணவருக்கு விடை அத்துணை எளிதன்று.

இந்தக் கேள்விக்கு லண்டன் மாநகரில் ஓர் இல்லத்தையே விடையாக அமைத்தவர் சேலத்துத் தமிழர் ஒருவர். அவர் கே. டி. பால் என்று அறியப்பட்ட கனகராயன் திருச்செல்வம் பால். கிறித்தவ இளைஞர் சங்கமாகிய ஒய்.எம்.சி.ஏ.யின் வரலாற்றிலும், இந்தியக் கிறித்தவரின் தேசிய உணர்வு பற்றிய ஆய்வுகளிலும் அவர் பெயர் தவறாமல் இடம்பெறும். ஊரகச் சீரமைப்பின் முன்னோடியாகவும் அவரைக் குறிப்பிடுவர். அயல்நாட்டில் படிக்கும் மாணவரை வரவேற்பதில் அவர் மேற்கொண்ட நெறி அவருடைய பிற பணிகளுக்கெல்லாம் திறவுகோல் போன்றது என்பது என் கருத்து. அக்கோணத்தில் அவர் வாழ்வைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பால் 1876ஆம் ஆண்டு சேலத்தில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். லண்டன் மிஷன் சங்கத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலிருந்தே சேலத்தில் பணிசெய்து வந்தனர். லண்டனிலிருந்து சேலத்துக்கு ஊழியர் வருவது அன்று இயல்பான நிகழ்ச்சி. சேலத்திலிருந்து ஒருவர் சென்று லண்டனில் ஓர் இல்லத்தை நிறுவுவார் என்பதை அக்காலத்தில் எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பால் பட்டம் பெற்றார். பாரிமுனைப் பகுதியில் இயங்கிய அக்கல்லூரி அன்று வில்லியம் மில்லரின் தலைமையில் இருந்தது. மாணவர்களை உடனடியாக மதம் மாற்றுவது கல்லூரியின் வேலையன்று, அவர்களுடைய சிந்தையில் நல்ல கருத்துகளை விதைப்பதே வேலை என்று மில்லர் கருதினார். இக்கருத்துக்காக மிஷன் வட்டாரங்களிலேயே அவர் கடுமையான எதிர்ப்பைச் சந்தித்தார். வெளியூர்களிலிருந்து வரும் மாணவர்களுக்கு விடுதி அமைப்பதிலும் அக்கல்லூரி முன்னின்றது. கல்வி, விடுதி, வற்புறுத்தாத சமயம் ஆகிய மூன்றையும் ஒருசேரக் கண்ட இளமை பாலுடையது.

சட்டமும் பயின்ற அவர் சிறிது காலம் அரசுப் பணியில் இருந்தார். பின்னர் ஆசிரியத் தொழிலுக்கு மாறினார். இன்றைய ஆந்திரத்தில் உள்ள புங்கனூரில் ஆற்காடு மிஷன் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கினார். தாம் படித்த கிறித்தவக் கல்லூரியிலேயே வரலாறும் கற்பித்தார். வழக்கறிஞராகியோ அரசு அலுவலில் உயர்ந்தோ செல்வம் சேர்க்கக்கூடிய கல்வி அவரிடம் இருந்தது. அவர் தேர்ந்த பாதை வேறாயிற்று.

1905ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் வங்காளத்துச் செராம்பூரில் இந்தியக் கிறித்தவர் சிலர் கூடி தேசிய மிஷனரி சங்கத்தைத் தோற்றுவித்தனர். நெல்லைச் சீமையைச் சேர்ந்த வே. சா. அசரியாவும் பாலும் அதன் தூண்களாயினர். பொருள் இந்தியருடையது, ஊழியர் இந்தியர், நிருவாகம் இந்தியருடையது என்ற மூன்று நெறிகளை அச்சங்கம் வகுத்துக்கொண்டது. அந்நிய நிதியும் அந்நியத் தலைமையும் இன்றித் திருச்சபைப் பணி நடவாது என்றிருந்த காலத்தில் இது பெருந்துணிவு. பால் முதலில் அச்சங்கத்தின் பொருளாளராகவும் பின்னர் பொதுச் செயலாளராகவும் பணியாற்றி, நாடெங்கும் பயணம் செய்தார்.

1910ஆம் ஆண்டு எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. அங்கே அசரியா ஆற்றிய உரை திருச்சபை வரலாற்றில் நிலைபெற்றுவிட்டது. மேலைநாட்டு ஊழியர் இந்தியருக்காகப் பொருளைத் தந்தனர், உடலுழைப்பைத் தந்தனர், உயிரையும் தந்தனர். ஆயினும் ஒரே மேசையில் உடனமர்ந்து உண்ணும் நட்பைத் தரவில்லை என்பதே அவ்வுரையின் சாரம். மண்டபத்தில் இருந்த பலர் அதைக் கேட்டு முகம் சுளித்தனர். இரண்டு ஆண்டுகளில் அசரியா தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே. ஈகைக்கும் நட்புக்கும் இடையில் அசரியா சுட்டிக்காட்டிய இடைவெளியை இந்தக் கட்டுரையைப் படிப்போர் நினைவில் வைக்க வேண்டுகிறேன். பாலின் லண்டன் முயற்சி அவ்விடைவெளியைக் கடப்பதற்கான முயற்சியே.

அடுத்த சில ஆண்டுகளில் பால் ஒய்.எம்.சி.ஏ.யின் தேசிய அமைப்பில் சேர்ந்தார். 1916இல் அதன் பொதுச் செயலாளரானார். அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவர். அச்சங்கத்தின் தோற்றமும் ஈண்டு எண்ணத்தக்கது. 1844இல் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்னும் துணிக்கடை ஊழியர், தம்மைப் போலவே நாட்டுப்புறங்களிலிருந்து பிழைப்புத் தேடி லண்டனுக்கு வந்த இளைஞர்களுக்காகத் தொடங்கியது அது. பெருநகரில் உறவின்றித் தவிக்கும் இளைஞனுக்கு ஓரிடம் வேண்டும் என்பதே அதன் முதல் எண்ணம். சென்னையில் அச்சங்கம் 1890இல் வேரூன்றியது. லண்டனில் முளைத்த கருத்தை இந்தியர் ஒருவர் லண்டனுக்கே திருப்பிக் கொண்டுசெல்லும் நிலை பாலின் காலத்தில் உருவாயிற்று.

அதற்கு முன் முதல் உலகப்போர் ஒரு பாடத்தைக் கற்பித்தது. 1914இல் இந்தியப் படைவீரர் பெருந்தொகையினராகப் பிரான்சு நாட்டுப் போர்முனைக்கு அனுப்பப்பட்டனர். அவர்களிடையே பணியாற்ற ஒய்.எம்.சி.ஏ. முன்வந்தபோது அரசு தயங்கியது. சீக்கியரும் முகமதியரும் இந்துக்களும் அடங்கிய படையில் சமயப் பரப்புரை நுழைந்தால் குழப்பம் நேரும் என்ற அச்சமே காரணம். பரப்புரை கூடாது என்ற நிபந்தனையின்பேரில் இசைவு கிடைத்தது. எடின்பரோவில் மருத்துவம் பயின்ற எஸ். கே. தத்தா போன்ற இந்தியச் செயலாளர்கள் அங்குச் சென்றனர். எழுத்தறியா வீரருக்கு வீட்டுக் கடிதம் எழுதித் தந்தனர். விளையாட்டும் இசையும் ஏற்பாடு செய்தனர். பாலின் பொறுப்பில் இப்பணி பிற போர்முனைகளிலும் விரிந்தது. சமயத்தைச் சொல்லால் அறிவிக்க வாய்ப்பில்லாத இடத்தில், ஒரு கிறித்தவன் தன் சமயத்தை எவ்வாறு வாழ்ந்து காட்டுவது? கூடாரத்தில் ஓர் அஞ்சலட்டையோடு அமர்ந்து, பஞ்சாபித் தாய் ஒருத்திக்கு அவள் மகன் சொல்லச் சொல்ல எழுதுவதே அதற்கு விடையாயிற்று. நிபந்தனையாக வந்த ஒன்று நெறியாகவே மாறியது எனலாம்.

இனி, லண்டனில் இந்திய மாணவர் இருந்த நிலையைக் காண்போம்.

1888இல் சட்டம் பயிலச் சென்ற மோகன்தாஸ் காந்தி, இரவுகளில் தாயை நினைத்து அழுததையும், புலால் உண்ணாத நோன்பால் அரைவயிற்றோடு தெருத்தெருவாக நடந்ததையும், ஃபாரிங்டன் தெருவில் ஒரு மரக்கறி உணவகத்தைக் கண்டபோது குழந்தையைப் போல மகிழ்ந்ததையும் தம் சத்திய சோதனையில் விரிவாகவே எழுதியிருக்கிறார். செல்வமோ அறிமுகமோ இல்லாத மாணவர் நிலை இன்னும் கடினம். அறை வாடகைக்கு உண்டு என்று பலகை தொங்கும். நிறத்தைக் கண்டதும் இல்லை என்ற விடை வரும். 1921-22இல் இந்திய மாணவர் நிலையை ஆராய்ந்த லிட்டன் குழு, உறைவிடச் சிக்கலையும் நிறவேற்றுமையையும் தன் ஆய்வில் எதிர்கொண்டது.

மாணவருக்கென இல்லங்கள் தோன்றாமலில்லை. 1905இல் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா ஹைகேட் பகுதியில் இந்தியா ஹவுஸ் என்னும் விடுதியைத் திறந்தார். விடுதலை வேட்கை கொண்ட இளைஞர்களின் பாசறையாக அது மாறிற்று. சட்டம் பயிலச் சென்ற நம் வ. வே. சு. ஐயர் அங்கேதான் சாவர்க்கரின் தோழரானார். 1910இல் காவலரின் கண்களில் படாமல் தப்பிப் புதுச்சேரி சேர்ந்தார். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி ஒருவர் உருவானதில் அந்த லண்டன் விடுதிக்கும் பங்குண்டு.

1909 சூலை முதல் நாள் தேசிய இந்தியச் சங்கம் இம்பீரியல் நிறுவன அரங்கில் ஒரு வரவேற்பு விருந்து நடத்தியது. இந்திய மாணவரும் ஆங்கிலேயரும் கலந்து பழகுவதற்கென்றே அத்தகைய விருந்துகள் ஏற்பாடு செய்யப்பட்டன. அன்றிரவு அங்கே மதன்லால் திங்ரா, இந்திய அமைச்சரகத்தைச் சேர்ந்த கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். விருந்துக்கு அழைத்தவர்களின் புன்னகைக்குப் பின்னால் ஆட்சியாளரின் கை இருக்கிறது என்ற ஐயம் மாணவரிடையே எவ்வளவு முற்றியிருந்தது என்பதற்கு இக்கொடிய நிகழ்ச்சி ஓர் அடையாளம்.

அடுத்த ஆண்டே, 21 குரோம்வெல் சாலையில் மாணவர் ஆலோசனைச் செயலகமும் சில தங்கும் அறைகளும் அமைந்த ஓர் இல்லம் திறக்கப்பட்டது. வசதிகளில் குறையில்லை. ஆனால், தம்மை உளவறியவே அந்த இடம் ஏற்படுத்தப்பட்டது என்று மாணவர் பலர் நம்பினர். சோறு இருந்தது; நம்பிக்கை இல்லை. விருந்தோம்புவோரின் முகம் சற்றே வேறுபட்டாலும் விருந்தினர் வாடிப்போவர் என்பதற்கு வள்ளுவர் மெல்லிய மலர் ஒன்றை உவமை காட்டினார். உபசரிப்பவரின் மனத்தில் ஒரு கோப்பேடு திறந்திருப்பதை உணரும்போதும் விருந்தினர் வாடத்தான் செய்வர்.

1914 ஏப்ரலில் அந்தக் குரோம்வெல் சாலை இல்லத்தில் சில நாள் தங்கிய தமிழ் இளைஞர் ஒருவர் உண்டு. அவர் கணித மேதை சீனிவாச இராமானுசன். பின்னர் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியில் ஐந்தாண்டுக் காலம் வாழ்ந்து, தம் அறையில் தாமே சமைத்துண்டு, போர்க்காலப் பற்றாக்குறையால் நல்ல காய்கறியும் கிட்டாமல் நோயுற்றார் என்பது நாம் அறிந்ததே. அவர் வாழ்வில் ஒரு நிகழ்ச்சி என்னை எப்போதும் நெகிழ்விக்கும். இந்திய நண்பர் சிலரைத் தம் அறைக்கு அழைத்து, தம் கையால் சமைத்து, இரசம் பரிமாறினார். இரண்டு முறை வாங்கிக்கொண்ட விருந்தினர் மூன்றாம் முறை போதுமென்று மறுத்தனர். சிறிது நேரத்தில் விருந்தளித்தவரைக் காணவில்லை. எவரிடமும் சொல்லாமல் அவர் ஆக்ஸ்போர்டுக்குப் புறப்பட்டுப் போயிருந்தார். இதை மேதைகளின் விசித்திர இயல்பு என்று சிரித்துக் கடப்போர் உண்டு. நான் அவ்வாறு கடக்க இயலாதவள்.

சிலப்பதிகாரத்தில், மதுரை ஆயர்சேரியில் மாதரி தந்த மனையில் இருக்கும் கண்ணகி, கோவலனைப் பிரிந்திருந்த காலத்தில் தான் இழந்தவற்றைக் கூறுகிறாள். அறவோரைப் போற்றுவதையும் துறவோரை எதிர்கொள்வதையும் சொல்லி, விருந்தை வரவேற்கும் பேற்றையும் இழந்ததாகச் சொல்கிறாள். தனக்கு எவரும் விருந்து செய்யவில்லை என்று அவள் வருந்தவில்லை. தான் விருந்து செய்ய இயலாமற்போனதே அவள் துயரம். பிறர் வீட்டில் நாள்தோறும் உண்பவனுக்கு உள்ளூர ஒரு பசி இருக்கிறது. பிறருக்குத் தான் ஒருவேளை சோறிட வேண்டும் என்னும் பசி அது. அந்நிய மண்ணில் ஐந்தாண்டு விருந்தினராக இருந்த இராமானுசன் ஒருநாள் விருந்தோம்புநராக விளங்க விரும்பினார். அந்த இரசம் மறுக்கப்பட்டபோது மறுக்கப்பட்டது உணவு மட்டுமன்று.

1920 ஏப்ரலில் இராமானுசன் சென்னையில் மறைந்தார். அதே ஆண்டில் லண்டனில் இந்திய மாணவர் சங்கமும் விடுதியும் என்ற அமைப்பு பாலின் முயற்சியால் தோன்றியது. இரண்டுக்கும் காரணகாரியத் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் தமிழர் ஒருவரைத் தனிமை வாட்டிய நாட்டில், இன்னொரு தமிழர் அத்தனிமைக்கு மருந்து தேடியது நம் நினைவில் ஒருசேர நிற்க வேண்டியதே.

அமைப்பின் பெயரைக் கவனிக்க வேண்டும். அது விடுதி மட்டுமன்று, சங்கமும் ஆகும். விடுதியில் ஒருவர் தங்குபவர். சங்கத்தில் அவர் உறுப்பினர். தங்குபவருக்கு வசதி உண்டு. உறுப்பினருக்கு உரிமை உண்டு. அதைவிடக் குறிப்பிடத்தக்கது அதன் பொறுப்பு யாரிடம் இருந்தது என்பது. லண்டன் ஒய்.எம்.சி.ஏ. இந்தியருக்காக நடத்திய அறப்பணியாக அது அமையவில்லை. ஒய்.எம்.சி.ஏ.யின் இந்திய தேசிய மன்றமே லண்டனில் நடத்திய இல்லமாக அது அமைந்தது. தேசிய மிஷனரி சங்கத்துக்கு வகுத்த இந்தியப் பொறுப்பு என்னும் நெறியைப் பால் இப்போது கடல்கடந்து கொண்டுசென்றார். அங்கு இந்திய உணவு கிடைத்தது. எல்லாச் சமயத்தவருக்கும் கதவு திறந்திருந்தது. சொற்பொழிவுகளும் விவாதங்களும் நடந்தன. ஆங்கில நண்பரும் வந்து கலந்துகொண்டனர். ஆனால், அங்கே இந்திய மாணவர் வரவேற்பவர், ஆங்கிலேயரே விருந்தினர். அசரியா கேட்ட நட்பு பிறப்பதற்கு இந்த இடமாற்றம் தேவையாயிருந்தது. எப்போதும் ஒருவரே கொடுப்பவராகவும் மற்றவரே பெறுபவராகவும் இருக்கும் இடத்தில் நன்றி பிறக்கும். நட்பு பிறப்பது அரிது.

இல்லம் முதலில் இயங்கிய இடமும் கவிஞர்களுக்குச் சுவையூட்டக்கூடியது. புளூம்ஸ்பரியில் கெப்பல் தெருவும் கோவர் தெருவும் கூடும் மனையைச் சேக்ஸ்பியர் நினைவாகத் தேசிய நாடக அரங்கு எழுப்புவதற்கென வாங்கியிருந்தனர். போர் குறுக்கிட்டதால் அரங்கு எழவில்லை. கவிஞர் மறைந்த முந்நூறாம் ஆண்டாகிய 1916இல் அம்மனையில் ஒய்.எம்.சி.ஏ. ஒரு தற்காலிகக் கட்டடத்தை எழுப்பி, போர்முனையிலிருந்து விடுப்பில் வரும் நியூசிலாந்து வீரர்களைத் தங்கவைத்தது. சேக்ஸ்பியர் குடில் என்பது அதன் பெயர். வீரர் தாயகம் திரும்பிய பின், அக்குடில் இந்திய மாணவருக்கு இடமாயிற்று. சென்னையிலும் கல்கத்தாவிலும் சேக்ஸ்பியரை வரி தவறாமல் மனப்பாடம் செய்து தேர்வெழுதிய இளைஞர்கள், அவர் நாட்டில் அறை கிடைக்காமல் அலைந்து, கடைசியில் அவர் பெயரிட்ட குடிலில் அமர்ந்து இந்தியச் சோறுண்டனர். 1923இல் இல்லம் அருகிலேயே கோவர் தெரு 112ஆம் எண் கட்டடத்துக்கு மாறியது. பழைய மனையில் பின்னர் லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்வி நிறுவனத்தின் கட்டடம் எழுந்தது.

இதே காலத்தில் அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலும் இதற்கு ஒப்பான முயற்சி நடந்தது. 1909இல் நியூயார்க்கில் ஒய்.எம்.சி.ஏ. ஊழியராகிய ஹாரி எட்மண்ட்ஸ், கொலம்பியப் பல்கலைக்கழக நூலகப் படிகளில் ஒரு சீன மாணவருக்குக் காலை வணக்கம் சொன்னார். நியூயார்க் வந்து மூன்று வாரங்களில் தம்மிடம் பேசிய முதல் மனிதர் அவர்தாம் என்று அம்மாணவர் சொல்லக் கேட்டு எட்மண்ட்ஸ் திடுக்கிட்டார். அந்த ஒரு வணக்கத்திலிருந்து வளர்ந்ததே 1924இல் ராக்ஃபெல்லரின் கொடையால் திறக்கப்பட்ட பன்னாட்டு மாணவர் இல்லம். எட்மண்ட்ஸின் உள்ளம் போற்றத்தக்கது. ஆயினும் இரண்டுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. நியூயார்க்கில் அந்நாட்டார் தம் வீட்டுக் கதவைத் திறந்தனர். லண்டனில் வந்தவர்களே ஒரு வீட்டை அமைத்துக் கதவைத் திறந்தனர். ஆளப்படும் நாட்டிலிருந்து ஆளும் நாட்டுத் தலைநகருக்குப் படிக்கச் செல்வோருக்கு இரண்டாவது வழியே மானம் காக்கும் வழியாக இருந்தது.

கிறித்தவ அமைப்பு ஒன்று, பெரும்பாலும் இந்துக்களும் முகமதியருமான மாணவருக்கு இல்லம் நடத்தும்போது ஒரு கேள்வி எழாமல் இராது. சோற்றுக்குப் பின்னால் திருமுழுக்குக் காத்திருக்கிறதா? இக்கேள்வியைப் பகைமையின் குரல் என்று தள்ளிவிட இயலாது. பஞ்ச காலங்களில் உணவும் மதமாற்றமும் ஒன்றோடொன்று பின்னிய கதைகள் நம் நாட்டில் உண்டு. எதிர்ப்புறத்திலிருந்தும் ஒரு கேள்வி எழக்கூடும். நற்செய்தியை வெளிப்படையாக அறிவிக்காத இல்லத்துக்குக் கிறித்தவப் பெயர் எதற்கு? இவ்விரண்டு கேள்விகளுக்கும் பாலின் செயலே ஒரே விடையாக நின்றது. அந்நியனை ஏற்றுக்கொண்டவன் தன்னையே ஏற்றுக்கொண்டான் என்று இயேசு நற்செய்தியில் கூறுவதாகக் கிறித்தவர் நம்புகின்றனர். அப்படியானால் அந்நியனை ஏற்பதே வழிபாடு. அது வேறொன்றுக்கு வைக்கும் தூண்டில் அன்று. போர்க்களக் கூடாரத்தில் கற்ற பாடம் இங்கே தொடர்ந்தது. பால் தம் சமயத்தை மறைத்தவரல்லர். தென்னிந்தியத் திருச்சபை ஒற்றுமைக்கும் தேசியக் கிறித்தவ மன்றத்துக்கும் உழைத்தவர். தம் நம்பிக்கையில் உறுதியாக நின்றுகொண்டே பிறர் நம்பிக்கைக்கு இடம் விட்டார் என்பதே அவர் சிறப்பு. உறுதியில்லாதவர் இடம் விடுவதில் வியப்பில்லை. உறுதியுள்ளவர் இடம் விடுவது அரிது.

அவர் நாட்டுக்குள் செய்த பணிகளிலும் இதே நெறியைக் காணலாம். கடன் சுமையில் அமிழ்ந்த சிற்றூர் மக்களுக்கு அறக்கொடை தருவதைவிட, அவர்களையே உறுப்பினராகக் கொண்ட கூட்டுறவுச் சங்கங்களை ஏற்படுத்துவதில் பால் நாட்டம் கொண்டார். கொடை பெறுபவர் கைநீட்டுகிறார். கூட்டுறவுச் சங்க உறுப்பினர் கணக்குக் கேட்கிறார். ஒய்.எம்.சி.ஏ.யின் ஊரகத் துறை அவரால் வலுப்பெற்றது. 1920களில் தெற்கே மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திப் புகழ்பெற்ற ஊரகச் சீரமைப்பு நிலையம் அத்துறையின் கிளையில் பழுத்த கனியே.

அரசியலிலும் அவ்வாறே. 1927இல் வெளியான அவருடைய ஆங்கில நூல், இந்தியாவில் பிரிட்டிஷ் தொடர்பை ஓர் இந்தியக் கிறித்தவரின் பார்வையில் ஆராய்ந்தது. 1930 நவம்பரில் லண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டுக்கு இந்தியக் கிறித்தவரின் சார்பில் பால் சென்றார். காங்கிரசு அதில் பங்கேற்கவில்லை. சிறுபான்மையினருக்குத் தனித்தொகுதி வேண்டும் என்ற குரல் அம்மாநாட்டில் ஓங்கியிருந்தது. கேட்டால் கிடைக்கும் சலுகையை, தம் சமூகத்துக்கு வேண்டாம் என்று சொன்னவர் பால். தனித்தொகுதி கிறித்தவரைச் சொந்த நாட்டிலேயே ஒரு தனி அறையில் வைத்துப் பூட்டிவிடும் என்று அவர் அஞ்சினார். அவர் மறைந்தபின் வந்த 1932ஆம் ஆண்டின் வகுப்புவாரித் தீர்ப்பு, கிறித்தவருக்கும் தனித்தொகுதியை வழங்கியது. ஆனால், அரசியல் நிருணய சபையில் எச். சி. முகர்ஜி போன்ற கிறித்தவத் தலைவர்கள் அத்தகைய சமயவழிச் சலுகைகளை மனமுவந்து துறந்தபோது, பால் காட்டிய பாதையே வென்றது. லண்டனில் இந்திய மாணவர் விருந்தாளியாக ஒதுங்கி நிற்கக் கூடாது என்று எண்ணியவர், இந்தியாவில் கிறித்தவர் விருந்தாளியாக ஒதுங்கி நிற்கவும் இசையவில்லை. இரண்டும் ஒரே மனத்தின் இரு செயல்கள்.

அவருடைய உடல்நலம் நெடுநாள் ஒத்துழைக்கவில்லை. வட்டமேசை மாநாடு 1931 சனவரியில் முடிந்தது. அவ்வாண்டு ஏப்ரலில், தாம் பிறந்த சேலத்திலேயே ஐம்பத்தைந்தாம் வயதில் பால் காலமானார். அவருடன் பணியாற்றியவரும், இந்திய இசை பற்றி நூல் எழுதியவருமான எச். ஏ. பாப்ளி அவர் வாழ்க்கை வரலாற்றைப் பின்னர் எழுதினார்.

கோவர் தெரு இல்லம் அவருக்குப் பின்னும் நிலைத்தது. நாடாளவும் வழக்காடவும் நோய் தீர்க்கவும் பின்னாளில் தாயகம் திரும்பிய மாணவர் தலைமுறைகள் அங்கே கூடின. 1940இல் லண்டன் மீது நடந்த குண்டுவீச்சு அவ்வில்லத்தைச் சிதைத்தது. வீடிழந்த மாணவருக்கு மீண்டும் வீடு தேடும் பணி தொடங்கியது. 1953இல் ஃபிட்சுராய் சதுக்கத்தில், ரால்ஃப் டப்ஸ் என்னும் கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் புதிய இல்லம் எழுந்தது. ஆளப்படும் நாட்டின் மாணவருக்கென நிறுவிய அமைப்பு, விடுதலை பெற்ற நாட்டின் மாணவரை வரவேற்றது.

பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படை. பரிசில் பெற்றுவரும் கலைஞன், எதிர்ப்படும் வறிய கலைஞனுக்கு வழி சொல்கிறான். எந்த ஊர் வழியாகப் போவது, எங்கே என்ன உணவு கிடைக்கும், வள்ளல் எவ்வாறு எதிர்கொள்வான் என்றெல்லாம் விரித்துரைக்கிறான். முன்னே சென்ற மாணவன் பின்னே வரும் மாணவனுக்கு எழுதும் கடிதமும் ஓர் ஆற்றுப்படைதான். ஆனால், சங்கப் பாடல்களின் பாணன் வள்ளலின் வாயிலுக்கு வழி சொல்கிறான். பாலின் இல்லத்து மாணவன் தன் தம்பிக்கு நம் வீட்டுக்கு வா என்று எழுதக்கூடிய நிலை உண்டாயிற்று. வள்ளலின் வீடு என்பது நம் வீடு என்றானதே இதில் உள்ள வளர்ச்சி.

இன்று நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் அண்டை நாடுகளிலிருந்தும் வந்து படிக்கும் மாணவர் இருக்கின்றனர். வாடகைக்கு அறை கேட்டு அவர்கள் தட்டும் கதவுகள் நம்முடையவை. லண்டன் தெருக்களில் நம் முன்னோர் கேட்ட இல்லை என்னும் சொல்லை நம் தெருக்களில் அவர்கள் கேட்காதிருக்க வேண்டும். விழா நாளில் மேடையேற்றி அவர்களை ஆடச் சொல்லிக் கைதட்டுவது எளிய விருந்தோம்பல். விடுதியின் உணவுக்குழுவில் ஓர் இடம் தந்து, இந்தச் சோறு எனக்கு ஒவ்வவில்லை என்று அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்வது சற்றுக் கடினமான விருந்தோம்பல். பால் இரண்டாவதைத் தேர்ந்தவர்.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்துக்கும் இதில் ஒரு செய்தி இருப்பதாக எண்ணுகிறேன். புதிய கவிஞர் வரும்போது நாம் மகிழ்வோடு நாற்காலி இடுகிறோம், அவர் கவிதையைக் கேட்கிறோம், காப்பி தருகிறோம். அடுத்த ஆண்டு அந்தக் காப்பியை ஊற்றும் பொறுப்பையும், கூட்டத்தின் பொருளைத் தீர்மானிக்கும் உரிமையையும், நம் கவிதைகளைப் பிழை சொல்லும் துணிவையும் அவரிடம் ஒப்படைக்கிறோமா? தொல்காப்பியர் விருந்தை வனப்புகளுள் வைத்தார். புதியது வந்து சேர்வதால் பழைய வீட்டுக்கே அழகு கூடுகிறது என்பது அதன் பொருளாகலாம். வரும் பத்தாண்டில் வாயிலில் நின்று வரவேற்பவர்கள், இன்று தயங்கித் தயங்கி உள்ளே நுழைபவர்களாக இருக்கட்டும்.